தூணோரத்துப் பெஞ்சு

...இவ்வளவு பெரிதா இந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், இத்தனை வருஷமும் இதன் காலடியிலேயே நின்று பாடியவள் ஒரு நாளும் இதை நேருக்கு நேர் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள், ஆனால் அதுதான் உண்மை, பாடகர் குழு பலிபீடத்துக்கு முன்னால் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், சபையைப் பார்த்தும் அல்ல, பீடத்தைப் பார்த்தும் அல்ல, அதனால் ஜன்னல் எப்போதும் அவளுடைய வலது காதுப் பக்கம்தான் இருந்தது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்வரிசையில் கட்டைக் குரலில் பாடும் பல் டாக்டரின் வழுக்கையில் அது பாய்ச்சுகிற நிறங்கள் மட்டும்தான், முதல் பாட்டுக்கு நீலம், வேதபாடத்துக்குப் பச்சை, பிரசங்கம் முடிகிற சமயத்துக்குச் சிவப்பு மெல்ல இறங்கி அவர் காதுமடலுக்கு வந்துவிடும், காதுக்கு வந்தாச்சு, போதகர் இன்னும் முடிக்கலையே என்று பக்கத்தில் இருக்கும் தையல்காரி முழங்கையால் இடிப்பாள்... அந்த நீலம் இதுதானா, ஜன்னலின் ஓரத்தில் குடத்தோடு நிற்கிற ஒரு பெண்ணின் ஆடை விளிம்பு, கூட்டத்தில் யாரோ ஒருத்தி, முகம்கூடச் சரியாக வரையப்படவில்லை, நடுவில் நிற்கிறவர்களுடைய பளபளப்பெல்லாம் அவளுக்கு இல்லை, ஆனால் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பல் டாக்டரின் தலையை நீலமாக்கியது இவளா, அம்மாடி, உனக்குத்தானா நான் நன்றி சொல்ல வேண்டியது?

நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள், வேறு எதற்கும் இல்லை. காலடியில் ஒரு துணிப்பை, அதற்குள் துவைத்து இஸ்திரி போட்டு மடித்த பாடகர் அங்கி, வெள்ளை மேலாடை தனியாக, ஆராதனை முடிந்ததும் அங்கி அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, பாட முடியாதவளுக்கு அங்கி எதற்கு, பாட முடியாதவளுக்குக் கோயில்தான் எதற்கு என்று ஒரு கேள்வி வீட்டில் இருந்தபோதே வந்துவிட்டது, அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் குரல் வேண்டுமே... ஜெபம் வீட்டிலிருந்தும் செய்யலாம், கடவுளுக்கு வீட்டு விலாசம் தெரியும். காரை விட்டு இறங்கும்போது வீட்டுக்காரர் கேட்டார், "சீக்கிரம் வந்துடுவியா, மெதுவாவா?" எப்போதும் கேட்கிற கேள்விதான், அவள் கையை ஆட்டிக் காட்டினாள், அதற்கு அர்த்தம் சீக்கிரமா மெதுவாவா என்று அவளுக்கே தெரியாது, அவர் தலையாட்டிவிட்டு வழக்கமான மரத்து நிழலில் காரை நிறுத்தப் போய்விட்டார், அவர் உள்ளே வரமாட்டார், கல்யாணத்தன்று வந்ததுதான். "ஒரு தடவை வந்தேன், உங்க தங்கச்சியையே குடுத்துட்டாங்க, அதுக்கு மேல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று அவளுடைய அண்ணனிடம் சொன்னார், அந்த வாரம் முழுக்கச் சபையில் இதே பேச்சு, சிரித்தவர்கள் பாதி, முகத்தைச் சுளித்தவர்கள் பாதி, அவளுக்கு மட்டும் இது பாராட்டா கிண்டலா என்று இன்றைக்குவரை பிடிபட்டதில்லை. மேற்கு வாசல் கதவைத் தள்ளியபோது தோளைக் கொடுத்துத் தயாராகத்தான் தள்ளினாள், அந்தக் கதவு கத்துகிற கத்தலில் தாமதமாக வருகிறவர்களை மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும், அதற்குப் பயந்தே பலபேர் நேரத்துக்கு வருவார்கள், ஆனால் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது, வேறு ஏதோ கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றுவிட்டாள்... பிறகு கண்ணில் பட்டது இந்தத் தூண், மற்ற தூண்களைவிட ஒரு பிடி பருமன், அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சு, உட்கார்ந்தால் பாதி ஆள் மறைந்துவிடலாம், போதும், மறைந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆர்கன் தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்தார்கள், ஊர்வலம் வருகிறது, முன்னால் சிலுவை, பின்னால் குழு, அவள் தூணை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள், தையல்காரி நேராகப் பார்த்தபடி போனாள், கவனிக்கவில்லை, நல்லதாயிற்று... ஆர்கன் வாசிக்கிறவருக்கு டெம்போ என்று பட்டப்பெயர், எந்தப் பாட்டையும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வாசிப்பார், குழு ஓடும், சபை பின்னால் இழுக்கும், இரண்டுக்கும் நடுவே பாட்டு ரப்பர் மாதிரி நீளும், அதைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை சண்டை, "சபைக்குக் காது இல்லைம்மா, அவங்க பாடறது பாட்டே இல்ல, மாட்டு வண்டி" என்பார் டெம்போ, அவளும் சிரித்திருக்கிறாள், ஆமாம், சிரித்தாள்... அங்கே இடைவெளி. குழு தன் இடத்துக்குப் போய் நின்றதும் பார்த்தாள், பெண்களின் தாழ்ந்த துணைக்குரலான ஆல்ட்டோ வரிசையில், தையல்காரிக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது, விழுந்த பல்லின் இடம் மாதிரி, அவளுடைய இடம், இத்தனை மாதம் ஆகியும் யாரையும் நிறுத்தவில்லையா, எனக்காகவா விட்டு வைத்திருக்கிறார்கள், ஐயோ, எதற்கு இப்படி... அப்போதுதான் அந்தச் சத்தம் முதுகில் வந்து இடித்தது. சபை பாடத் தொடங்கியிருந்தது. குழுவில் நின்றால் இது கேட்காது, தன் குரலும் பக்கத்துக் குரலும் ஆர்கனும்தான் கேட்கும், சபை என்பது தூரத்தில் எங்கோ ஒரு இரைச்சல், இங்கேயோ பின்னால் ஒரு ஆண்குரல் சுருதிக்குப் பக்கத்து வீட்டில் நின்று முழங்குகிறது, இடது பக்கம் ஒரு குழந்தை வார்த்தை தெரியாமல் உயிரெழுத்துகளை மட்டும் பாடுகிறது, யாரோ இருமிக்கொண்டே பாடுகிறார்கள், யாரோ கண்ணாடியைத் தேடியபடி மனப்பாடமாக, எல்லாம் சேர்ந்து மேலே போய்க் கவிழ்த்துவைத்த படகு மாதிரி இருக்கும் அந்த மரக்கூரையில் முட்டி, அங்கிருந்து கனமாக, வட்டமாக, ஒரே பொருளாகத் திரும்பி வருகிறது... இதைக் கட்டியவன் குழுவுக்காகக் கட்டவில்லை, இங்கே நிற்கிறவர்களுக்காகக் கட்டியிருக்கிறான். அவள் வாயைத் திறந்தாள். வந்தது காற்றும் ஒரு கரகரப்பும், மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போல. யாரும் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள், யாருக்கும் கேட்கவே கேட்காது, மறுபடியும் திறந்தாள், இந்தத் தடவை வார்த்தைகளையும் சேர்த்தாள், குரல் இல்லாத வார்த்தைகள், அவற்றைப் பின்னாலிருந்த அந்த முழக்கம் தன்னோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது, நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலேயே விழாமல் நிற்கலாமே, அப்படி.

முழங்காலிட்டாள். மெத்தை புதுசு, யாரோ தைத்திருக்கிறார்கள், யாரோ என்ன, தையல்காரிதான், அந்த மூலைத் தையலைப் பார்த்தாலே தெரியும். இந்தக் கழுத்தில் கட்டியிருக்கிற துணியும் அவள் தைத்ததுதான், தழும்பு தெரியக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தாள், ஒன்று அல்ல, எல்லாச் சேலைக்கும் பொருத்தமாக ஒரு கட்டு, "நீ சினிமாக்காரி மாதிரி கட்டிக்கோ, கேக்கிறவங்ககிட்ட ஃபேஷன்னு சொல்லு," சொல்ல எங்கே முடிந்தது... கழுத்தில் ஒரு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குரல் நரம்பு, "உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா நரம்பைக் காப்பாத்த முடியல" என்று டாக்டரம்மா சொன்னபோது அந்த டாக்டர் பொண்ணின் கண்ணே கலங்கியது, இவளுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை, அங்கே எல்லோருக்கும் தெரிந்த குரல் இவளுடையது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வேலைக்காலம் முழுக்க, வணக்கம், யார் வேணும், கொஞ்சம் லைன்ல இருங்க, முகத்தைப் பார்த்தால் தெரியாதவர்கள்கூட மருந்துக்கடையில் அவள் வாயைத் திறந்ததும் திரும்பிப் பார்ப்பார்கள், நீங்க டெலிபோன்ல பேசுறவங்கதானே... அந்தக் குரல் போனதும் வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது. முறை வைத்துக்கொண்டு, இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு, பாத்திரம் எது யாருடையது என்று அவர் சமையலறையில் நின்று முழிப்பார், நன்றாகச் சமைக்கிறவர்கள் இருந்தார்கள், உப்பே போடாதவர்களும் இருந்தார்கள், அதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அவளுக்குத்தான் தாங்கவில்லை. கொடுக்கிறவளாகவே இருந்தவளுக்கு வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை, நன்றி என்று சொல்லியாவது சமன் செய்யலாம் என்றால் அந்த வார்த்தையே காற்றாகப் போனது, கும்பிட்டாள், கும்பிட்டுக் கும்பிட்டு மணிக்கட்டு வலித்தது. போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சின்ன வயசு, அங்கி எப்போதும் தரையைக் கூட்டும், கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார், ஜெபிக்கப் போகிறார் என்று அவள் கண்ணை மூடினாள், நேரமாகியும் ஒரு சத்தமும் இல்லை, கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார், வீட்டில் பச்சைக் குழந்தை, ராத்திரி முழுக்க விழிப்பாம், அவரை எழுப்பாமல் அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், தனக்கு வந்த ஆறுதல்களிலேயே அதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது, தன் பக்கத்தில் ஒருவரால் தூங்க முடிந்தது, தானும் ஒருவருக்குக் கொஞ்ச நேரம் உதவினாள்... ஆமென் என்றது சபை. அவளும் சொன்னாள்.

பிரசங்கத்துக்கு முந்திய பாட்டின் கடைசி அடியில் பக்கத்தில் ஒரு கைப்பை திறக்கிற சத்தம். பெப்பர்மின்ட் அக்கா. அவள் எப்போது வந்து உட்கார்ந்தாள், தூணைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை, சபையில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது, பிரசங்கம் தொடங்குகிற சமயத்தில் பெஞ்சு முழுக்க மிட்டாய் விநியோகம் நடக்கும், காகிதம் பிரிகிற சத்தத்தில் போதகர் முதல் வரியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அக்கா இவள் கையில் இரண்டு வைத்தாள். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் வீட்டுக்காரருக்கு. எங்க அவரு, இன்னிக்கு வரலையா?"

"அவர் வெளியில இருக்கார் அக்கா," என்றாள் காற்றாக, பெப்பர்மின்ட் அக்கா காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள், "கார்ல. அவர்தான் உள்ள வரமாட்டாரே."

"வரமாட்டாரா? என்னம்மா சொல்றே, நீ அவர் இடத்துலதான் உக்காந்திருக்கே!"

உஷ் என்றார் முன்பெஞ்சுக்காரர். போதகர் பிரசங்க பீடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார், அங்கியைத் தூக்கிப் பிடிக்க மறந்து ஒரு படியில் தடுக்கி, சமாளித்து நின்று, சபையைப் பார்த்துச் சிரித்தார், தொடங்கிவிட்டார்.

அவர் இடமா. எது அவர் இடம், இந்தப் பெஞ்சா... அக்காவுக்கு வயசாகிவிட்டது, யாரையோ நினைத்து யாரையோ சொல்கிறாள், போன வருஷம் பல் டாக்டரைப் போதகர் என்று நினைத்துக் கைகொடுத்து ஆசீர்வாதம் கேட்டவள்தானே... ஆனால் என் வீட்டுக்காரர் என்று சொன்னாளே, உயரமாக, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என் வீட்டுக்காரரை அவளுக்குத் தெரியாதா, அவள் குடியிருக்கிற மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பாதியில் நின்றபோது அவர்தானே போய் இறக்கினார்... போதகர் ஏதோ உவமை சொல்கிறார், வீடு கட்டுகிற கதை, பாறை, மணல், காதில் விழுகிறது, உள்ளே இறங்கவில்லை. அவள் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். இந்தக் கோயிலைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வெளியே காரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது, "உங்க கோயில் நேரா இல்ல, பீடத்துப் பக்கம் ஒரு சாய்வா திரும்பியிருக்கு பாரு, நூல் பிடிச்சவன் தூங்கிட்டான்," அவளுக்குக் கோபமான கோபம், அது தப்பில்லை, வேண்டுமென்றே கட்டினது, சிலுவையில் ஆண்டவர் தலையைச் சாய்த்த மாதிரி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதை ஒப்பித்தாள், "இருக்கலாம், தூங்கினவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்" என்று அவர் சிரித்தார், அவள் சாயங்காலம் வரை பேசவில்லை... இங்கிருந்து பார்த்தால் உண்மைதான். நடுப்பாதை நேராகப் போகிறது, பீடத்துக்கு முன்னாலிருக்கிற வளைவைத் தாண்டியதும் எல்லாம் இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்குகிறது, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்த மாதிரி, சாய்ந்த பகுதியிலேயே நின்று பாடினவளுக்கு அது சாய்வாகத் தெரியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள்... ஆஸ்பத்திரியில் மற்ற நாளெல்லாம் விடிந்ததும் வந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம், "துணி துவைச்சேன்" என்பார், "கொஞ்சம் அசந்துட்டேன்" என்பார், தூங்கட்டும் பாவம் என்று ஒரு மனசு, என்னை இப்படிப் போட்டுவிட்டுத் தூக்கமா வருகிறது என்று ஒரு மனசு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், அவர் ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டே இருப்பார்... வாயில் இரண்டாவது மிட்டாய் இருந்தது, அவருக்கென்று கொடுத்தது, அதையும் எப்போது தின்றாள்?

சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும் சபை கலைந்து சந்தையானது, ஆளாளுக்குக் கைகொடுக்கிறார்கள், முன்பெஞ்சுக்காரர் உஷ் சொன்ன குற்றத்துக்கு இரண்டு கையாலும் கொடுத்தார், அவள் பெப்பர்மின்ட் அக்காவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. "நிஜமாவா அக்கா? அவரா?"

"அட, உனக்குத் தெரியாதா?" அக்காவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு எதையோ போட்டு உடைத்துவிட்டவள் மாதிரி ஆனது, ஆனாலும் நிறுத்தவில்லை, நிறுத்துகிறவளா அவள், "நீ ஆபரேஷனுக்குப் போன வாரத்துலேருந்து வந்தாரு. இதே இடம். பாடமாட்டாரு, முழங்கால் போடமாட்டாரு, எல்லாரும் எழுந்தா எழுந்திருப்பாரு, எல்லாரும் உக்காந்தப்புறம் உக்காருவாரு. என் மிட்டாயை மட்டும் ஒழுங்கா வாங்கிக்குவாரு. அந்தக் கதவு கத்தும்ல, ஒரு நாள் எண்ணெய்க் குப்பியோட வந்து கீலைச் சரிபண்ணிட்டுத்தான் உக்காந்தாரு. இப்போ லேட்டா வர்றவனுக்கெல்லாம் கொண்டாட்டம்."

"ஜெபம்...?"

"அதை நான் எப்படிம்மா பார்க்க முடியும்? அண்ணாந்து கூரையவே பார்த்துக்கிட்டிருப்பாரு. ஒரு தடவை கேட்டேன், அப்படி என்ன தம்பி பாக்கறீங்கன்னு. இவ்வளவு கனம் மேல இருக்கே, எதுல நிக்குதுன்னு பாக்கறேன்க்கான்னாரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கருத்த உத்தரங்கள், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் எழுந்து நடுவில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, சாய்ந்து நிற்பதால்தான் நிற்கின்றன, ஒன்றை எடுத்தால் மற்றது விழும், அதற்குமேல் பலகை, அதற்குமேல் ஓடு, அதற்குமேல் மழையும் வெயிலும். கனத்தைத் தூக்கி இறக்குகிற வேலை அவருடையது, கம்பி எவ்வளவு தாங்கும், எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு எடை கட்ட வேண்டும் என்று யோசிக்கிற மனுஷன், அவள் கத்தியின் கீழ்க் கிடந்த வாரம் இங்கே வந்து உட்கார்ந்து, மேலே பார்த்து, எதில் நிற்கிறது என்று... ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவள் கேலி செய்திருப்பாளா, பார்த்தீங்களா, கடைசியில வந்தீங்களா என்று ஜெயித்த மாதிரி சிரித்திருப்பாளா? சிரித்திருப்பாள். குரல் இருந்த காலத்து அவள் நிச்சயம் சிரித்திருப்பாள், சபை முழுக்கச் சொல்லியிருப்பாள்.

திருவிருந்துக்கு வரிசையில் போனாள், நடுப்பாதையில், கல்லில் செதுக்கிய பழைய பெயர்களின் மேல் கால் வைத்து, வேதப்புத்தகத்தைத் தாங்குகிற பித்தளைக் கழுகைத் தாண்டி, வளைவுக்கு உள்ளே, தன்னுடைய பழைய இடத்தின் ஓரமாக, குழு மெல்லப் பாடிக்கொண்டிருக்கிறது, தையல்காரி இப்போது பார்த்துவிட்டாள், பாடுகிற வாய் அப்படியே திறந்தபடி நின்றது, ஒரு வரி ஆல்ட்டோ இல்லாமல் போயிற்று, பின்னால் பார்க்க ஆர்கன்மேல் வைத்திருக்கிற கண்ணாடியில் டெம்போ முறைத்தார், பிறகு யார் என்று அவரும் பார்த்தார், பார்த்ததும்... மெதுவாக்கினார். டெம்போ, மெதுவாக! அவள் நடப்பதற்கேற்ப, அவள் படியேறி, முழங்காலிட்டு, கையை நீட்டுகிறவரை. போதகர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார், தூக்கக் கலக்கம் இன்னும் போகவில்லை அவர் கண்ணில், அவளைப் பார்த்து வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "வந்துட்டீங்க" என்றார். நீட்டிய கை, வெறும் கை. இத்தனை வருஷமும் இதே மாதிரிதானே நீட்டினாள், வாங்கிக்கொள்ளத் தெரியாதவள் என்று தன்னை ஏன் நினைத்தாள்? வாரா வாரம் வாங்கிக்கொண்டு போனவள்தானே, அதற்குப் பதில் யாரும் கேட்டதில்லையே.

அங்கி அறை எப்போதும் போல மெழுகும் பழைய துணியும் மணத்தது. தையல்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், அழுதாள், உடனே கழுத்துக் கட்டைச் சரிசெய்துவிட்டாள், இப்படியா கட்டறது. அவள் தையல்காரியின் காதில் சொன்னாள், எனக்காக அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கீங்க, பார்த்தேன், வேண்டாம், வேற யாரையாவது நிறுத்துங்க, எனக்குத் தாங்கல. தையல்காரி விழித்தாள். "எந்த இடம்? அதுவா? அங்க மேலேருந்து ஒழுகுதுடி! மழை பெஞ்சா தலையிலேயே சொட்டுது, அந்த ஓடு எப்போ உடைஞ்சுதோ. புதுசா வந்த பொண்ணை நிறுத்தினோம், ஒரே வாரம், சளி பிடிச்சு ஓடியே போயிட்டா. யாருமே நிக்க மாட்டேங்கறாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து வந்தது, தொண்டையில் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தமாக வெளியேறியது, ஆபரேஷனுக்குப் பிறகு சிரித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, தன் சிரிப்பு இப்போது இப்படியா, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தையல்காரி சிரிக்க, டெம்போ எட்டிப் பார்த்து, "யாரு வாத்தை உள்ள விட்டது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், அது இன்னும் மோசமாகப் போயிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பையை நீட்டினாள். பேச்சு ஒன்று தயாராக வைத்திருந்தாள், இத்தனை வருஷம், இந்த அன்பு, என்று... தையல்காரி கேட்கவே இல்லை, அங்கியை உதறிப் பார்த்தாள், "அப்பாடி, நல்லதாப் போச்சு, குடு, என்னோடது அக்குள்ல கிழிஞ்சு தொங்குது, தைக்க எங்க நேரம்" என்று அங்கேயே போட்டுப் பார்த்துக்கொண்டாள், நீளம் கொஞ்சம் அதிகம், ஆனால் பரவாயில்லை. அவ்வளவுதான். வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. "அடுத்த வாரம் மெத்தைக்கு உறை மாத்தணும், வந்து ஊசி கோத்துக் குடு, என் கண்ணு சரியில்ல," என்றாள் தையல்காரி, கேட்கவில்லை, சொன்னாள், அவளும் தலையாட்டிவிட்டாள், ஆட்டிய பிறகுதான் அடுத்த வாரமும் வரப்போகிறோம் என்பது உறைத்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. அவர் கார்க் கதவைத் திறந்துவைத்து, பத்திரிகையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், "ஆச்சா?" என்றார், ஆச்சு என்று தலையாட்டினாள், கை வீசி வருகிறாளே, பை எங்கே என்று அவர் கேட்கவில்லை, அவள் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி ஓடும்போது அவள் பேச்சு இஞ்சின் சத்தத்தில் கேட்காது, அதனால் இந்த மாதங்களில் சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள், சிவப்பு விழட்டும், கேட்டுவிடலாம்... என்ன கேட்பது, ஏன் சொல்லலை என்றா, என்ன வேண்டிக்கிட்டீங்க என்றா, எதில நிக்குதுன்னு கண்டுபிடிச்சீங்களா என்றா? சிவப்பு விழுந்தது. "என்ன சொன்னாரு இன்னிக்கு?" என்று அவரே கேட்டார், வாரா வாரம் கேட்பதுதான், முன்பெல்லாம் போதகர் குரலிலேயே பிரசங்கம் முழுக்க நடித்துக் காட்டுவாள், அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். "கவனிக்கல," என்றாள் காற்றாக. "நல்லது," என்றார் அவர், "நீயும் என் கட்சிக்கு வந்துட்டே." அடுத்த வாரம் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தால் இவர் எங்கே உட்காருவார், இனிமேல் வரமாட்டாரா, நான் இல்லாதபோது மட்டும் வருகிற இடமா அது அவருக்கு, எனக்குக் குணமானதும் மரத்தடிக்குத் திரும்பிவிட்டாரா... பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, அவர் மூக்கால் ஏதோ முனகத் தொடங்கினார், ஓட்டும்போது முனகுகிற வழக்கம்தான், எப்போதும் அர்த்தமில்லாத சுரங்கள் என்று விட்டுவிடுவாள், ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நடக்கிற ஒரு முனகல்... இன்றைக்கு ஏனோ காது அதைப் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் மேலே, மறுபடி அதே சுரம், இறங்கி, நின்று... அது ஒரு பாட்டு. பாட்டு அல்ல, பாட்டின் ஆல்ட்டோ. அவள் வருஷக்கணக்காகச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி பயிற்சி செய்தது, மெட்டு இல்லாமல், துணைக்குரல் மட்டும், தனியாகக் கேட்டால் யாருக்கும் அது பாட்டென்றே தோன்றாது, அவருக்கும் தோன்றாது, அதன் மெட்டு என்ன என்று அவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காதில் விழுந்தது விழுந்தபடி, ஒரு சுரம் பிசகாமல்... சொன்னால் நிறுத்திவிடுவார். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், தெருச் சத்தம் குறைந்தது, முனகல் தெளிந்தது, அடுத்த சிவப்பும் வந்து போயிற்று, அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது தொண்டையாலா, அல்லது வேறு எதனாலா என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.